ஒன்றின் அளவு எட்டு

மைசூரில் இஞ்ச் டேப் அளக்காத பொருள் ஒன்று இருந்தால், அது அவர் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது என்று அர்த்தம். அரண்மனை வாசல் கதவு, தேவராஜ மார்க்கெட்டில் தொங்கும் வாழைத்தார், சாமுண்டி மலைப் படிக்கட்டு, எங்கள் ஆபீஸ் பூனையின் வால் எல்லாவற்றுக்கும் அவரிடம் அளவு உண்டு. பூனையின் வாலை மட்டும் இரண்டு தடவை அளந்தார். முதல் தடவை பூனை ஒத்துழைக்கவில்லை.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது அடையாள அட்டையில் இருந்தது, அட்டை மேஜை டிராயருக்குள் இருந்தது. டிராயரை நாங்கள் யாரும் திறந்ததில்லை. எங்கள் முதலாளியே ஒருமுறை பெங்களூரிலிருந்து வந்த வாடிக்கையாளர்களிடம், "இவர்தான் மிஸ்டர் இஞ்ச் டேப்" என்று அறிமுகப்படுத்தினார். அவர்களும் பயபக்தியோடு கைகுலுக்கி, போகும்போது "போய்ட்டு வர்றோம் மிஸ்டர் டேப்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் திருத்தவில்லை. அந்தச் சமயத்தில் அவர்களுடைய சூட்கேஸ் எவ்வளவு அகலம் என்பதில் அவர் கவனம் இருந்தது.

அந்த டேப் அவர் அம்மாவுடையது. கொள்ளேகால் தாண்டி, தமிழ்நாட்டு எல்லைப் பக்கம் இருக்கிற கௌதள்ளியில் ஜாக்கெட் தைக்கிற அம்மா. மஞ்சள் துணி டேப், மடித்து மடித்துச் சட்டைப் பைக்குள் கிடக்கும். அதில் முதல் இரண்டு அங்குலம் கிழிந்து போயிருந்தது. ஆகவே எதை அளந்தாலும் வருகிற எண்ணிலிருந்து இரண்டைக் கழிக்க வேண்டும். அம்மாவும் மகனும் பழக்கத்தில் கழித்துக்கொள்வார்கள். கொள்ளேகால் சந்தையில் ஒருதடவை ஆசையாகப் புது டேப் வாங்கி வந்த அம்மா, ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அதை வைத்து அளந்து, கைப்பழக்கத்தில் அதிலும் இரண்டைக் கழித்துவிட்டார். மணப்பெண் முகூர்த்தம் முழுக்க மூச்சை இழுத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாளாம். அன்றைக்கே புது டேப் அடுப்புக்குள் போயிற்று.

"ஒரு ஊட்ல ஒரு டேப்புதானுங்க இருக்கோணும். அது தப்பா இருந்தாலும் பரவால்லீங்க, எல்லாத்துக்கும் ஒரே மாதிரி தப்பா இருந்தாப் போதும்" என்பார்.

இது ஏதோ தையல் சமாசாரம் என்றுதான் நான் நினைத்தேன். பின்னால் என் தலையில் வந்து விடியப்போகிறது என்று அப்போது தெரியாது.

எங்கள் ஆபீஸ் ஒண்டிகொப்பலில் ஒரு பழைய வாடகை வீடு. வாசலில் புங்கமரம். புங்கமரத்துக்குக் கன்னடத்தில் ஹொங்கே. நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து ஒரு புரோகிராமிங் மொழி செய்துகொண்டிருந்தோம், அதற்கும் ஹொங்கே என்றே பெயர் வைத்திருந்தோம். புரோகிராமிங் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், பயமுறுத்த மாட்டேன். கிராமத்தில் பால் ஊற்றும் இடங்களில் எடை பார்க்கிற மெஷின், எத்தனை லிட்டர் என்று காட்டுகிற மெஷின் எல்லாம் இருக்கின்றன அல்லவா, அந்த மெஷின்களுக்கு வேலை சொல்கிற பாஷைதான் ஹொங்கே. அதில் எண்கள் சம்பந்தப்பட்ட பகுதி முழுவதும் நான் எழுதியது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். எனக்கு என் எண்கள்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மைசூரில் பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், அம்மா நர்ஸ். நான் படித்தது கன்னடத்திலும் இங்கிலீஷிலும். எழுத்துத் தமிழ் என்றால் எனக்கு ஜெபப் புத்தகம் மட்டும்தான். இஞ்ச் டேப்தான் பாலாறு செக்போஸ்ட் தாண்டி மேட்டூரிலிருந்து வரும் பஸ்ஸில் யாரிடமோ சொல்லிவைத்து வாராவாரம் தமிழ்ப் பத்திரிகை வரவழைப்பார். ஜோக் பக்கத்தைப் படித்துவிட்டுச் சிரிக்க மாட்டார். பத்து நிமிஷம் கழித்து, எல்லாரும் வேலையில் மூழ்கியிருக்கும்போது, திடீரென்று சிரிப்பார். எதற்குச் சிரிக்கிறார் என்று தெரிந்துகொள்ளவே நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றேன். இன்றைக்கு நான் இங்கே எழுதுகிறேன் என்றால் அந்தப் பாவம் அவரைத்தான் சேரும்.

அவரோடு வெளியே போவது ஒரு தனி அனுபவம். ஆபீஸ் பக்கத்தில் ஒரு தோசைக் கடை உண்டு. செவ்வாய்க்கிழமை மசால் தோசை பதினோரு அங்குலம் இருந்ததாகவும் வியாழக்கிழமை ஒன்பதரைதான் இருப்பதாகவும் கடைக்காரரிடம் போய்ச் சொன்னார்.

"ஒரே பேரு, ரெண்டு அளவுங்ண்ணா. பலகைல எழுதிப் போட்டுட்டீங்கன்னா நாங்க தெரிஞ்சு வருவமுங்க."

கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "திந்தீரோ, அளீதீரோ?" என்று கேட்டார். தின்பீர்களா, அளப்பீர்களா என்று. இவர் ரொம்ப யோசித்து, "ரெண்டும்" என்று பதில் சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து இவர் வந்து உட்கார்ந்தால் போதும், தோசை தட்டைத் தாண்டித் தொங்கும். நாங்கள் எட்டுப் பேரும் இவரை முன்னால் விட்டுப் பின்னால் போகப் பழகினோம்.

தசராவுக்கு முன்னால் யானைகளுக்கு நடை ஒத்திகை நடக்கும். ஒருநாள் காலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. யானைகள் போன பின்னால் இவர் ரோட்டோரச் சேற்றில் குந்தி உட்கார்ந்து கால் தடத்தை அளந்துகொண்டிருந்தார். போலீஸ்காரர் வந்து என்ன செய்கிறாய் என்று கன்னடத்தில் அதட்டினார். "ஒண்ணுமில்லீங் சார், முன்னங்காலும் பின்னங்காலும் ஒரே அளவான்னு பாக்கறனுங்க" என்று தமிழிலேயே சொன்னார். போலீஸ்காரருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் டேப்பைப் பார்த்து மாநகராட்சி ஆள் என்று நினைத்துக்கொண்டார். ஐந்து நிமிஷம் போக்குவரத்தை நிறுத்திக் கொடுத்தார்.

முதலாளிக்கும் ஒரு அனுபவம் உண்டு. கம்ப்யூட்டர்களை வைக்க உள் அறையில் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஓர் அலமாரி செய்ய வேண்டியிருந்தது. இஞ்ச் டேப் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் முதலாளி அவர் மேஜை மேலிருந்த டேப்பை எடுத்து அளந்து, தச்சரிடம் அறுபத்திரண்டு அங்குலம் என்று சொல்லிவிட்டார். அலமாரி வந்தது. அறைக்கு வந்த அலமாரி இரண்டு சுவருக்கு நடுவே நுழைய மறுத்தது. சரியாக இரண்டே அங்குலம். நான்கு பேர் தள்ளிப் பார்த்து, கடைசியில் அதை ஹாலில் நிறுத்தினோம். அன்றிலிருந்து அது மஞ்சுளா அக்காவின் தட்டு டம்ளர் அலமாரி ஆகிவிட்டது.

மஞ்சுளா அக்கா எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு செய்கிறவர். கன்னடத்துக்காரர், எங்களோடு பேசிப் பேசிப் பாதித் தமிழ் வந்துவிட்டது. எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. மொழியில் புதிதாக எதைச் சேர்ப்பதாக இருந்தாலும், வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டு வேளையில் அதை மஞ்சுளா அக்காவுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். கேள்வி என்ன, பதில் என்ன என்பது அவருக்குப் புரிந்தால் உள்ளே, புரியாவிட்டால் வெளியே. அந்த அம்மாவிடம் தோற்றுப்போன இன்ஜினியர்கள் நிறைய. ரசத்தைக் கரண்டியில் வைத்துக்கொண்டே, "இது யாருக்கு பேக்கு?" என்று கேட்பார், யாருக்கு வேண்டும் இது என்று. அதோடு முடிந்துவிடும்.

இப்போது எனக்கும் அவருக்கும் நடந்த சண்டைக்கு வருகிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலையில் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"ஏனுங்க ஸ்டெல்லா, ஒண்ணோட அளவு என்னன்னு கேட்டனுங்க. எட்டுங்குது."

"ஆமா. எட்டு பைட்."

"நூத்துக்கும் எட்டுங்குது. லச்சத்துக்கும் எட்டுங்குது."

"எட்டு அறை இருக்கிற பெட்டில வெச்சிருக்கேன். சின்ன நம்பர் எல்லாமே அந்தப் பெட்டிலதான் உக்காரும். அதுனால எட்டு."

"பெட்டிய யாருங்க கேட்டா? நான் ஒண்ணைத்தானுங்க கேட்டேன்?"

வாசகர்களுக்காக விளக்கிவிடுகிறேன். ஹொங்கேயில் எந்த எண்ணிடமும் 'சைஸ்' என்று கேட்கலாம். நீ எவ்வளவு பெரியவன் என்று அர்த்தம். சின்ன எண்கள் எல்லாம் ஒரே அளவுப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும், கேட்டால் பெட்டியின் அளவைச் சொல்லும். பெட்டிக்குள் அடங்காத பிரம்மாண்ட எண்கள் தனிவீடு கட்டிக்கொள்ளும், கேட்டால் வீட்டை விட்டுவிட்டுத் தன் சொந்த அளவைச் சொல்லும். கேள்வி ஒன்று, ஆளுக்கு ஆள் வேறு மாதிரிப் பதில். இதற்கு மேல் ஒரு கூத்து, பழைய பால் மெஷின்களில் பெட்டிக்கு நான்கே அறை. ஆகவே அதே ஒன்று ஆபீஸில் எட்டு, பால் மெஷினில் நாலு.

"இடத்த கேட்டா இடத்த சொல்லட்டும். நீளத்த கேட்டா நீளத்த சொல்லட்டும்" என்றார் அவர். "ரெண்டு கேள்விக்கு ரெண்டு பேரு வெச்சுருலாமுங்க. சின்னதோ பெருசோ, எந்த மெஷினோ, கேட்டதுக்குப் பதில் ஒரே மாதிரி வரோணும்."

எண்ணைக் கணினி ஒன்றும் சைபருமாக எழுதும். அப்படி எழுத எத்தனை இலக்கம் வேண்டுமோ அதுதான் அந்த எண்ணின் நீளம் என்பது அவர் கட்சி. ஒன்றுக்கு ஒன்று. ஐந்தை 101 என்று எழுதும், ஆகவே மூன்று. எந்த ஊரில் எந்த மெஷினில் கேட்டாலும் மாறாது.

அவர் சொன்னது சரி. அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். ஆனால் நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். "சும்னே வாதம் பண்ணாதீங்க. பல மொழில இப்படித்தான் இருக்கு" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் ஐந்நூறு எண்களிடம் சைஸ் கேட்டு, பதில்களை வரிசையாக எழுதி, என் கீபோர்டின் மேல் வைத்திருந்தார். நானூற்றுத் தொண்ணூற்று ஒன்பது எட்டு. கடைசியில், பெட்டிக்குள் அடங்காத ஒரு எண்ணுக்கு மட்டும் ஒன்பது. ஒன்பதைச் சுற்றி ஒரு வட்டம்.

இப்படி இரண்டு மாதம். சண்டை என்றால் முகம் திருப்பிக்கொள்கிற சண்டை இல்லை. அவரோடு வாதாடுவதற்காகவே நான் சீக்கிரம் ஆபீஸுக்கு வர ஆரம்பித்தேன் என்பதை அன்றைக்கு ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். நான் உயரம் குறைவு. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் படாமல் தொங்கும். ஒரு நாள் வந்து பார்த்தால் மேஜைக்கு அடியில் இரண்டு செங்கல், அதன் மேல் இழைத்த பலகை. உட்கார்ந்து கால் வைத்தேன். எனக்கென்று அளந்து செய்த உயரம். அவர் என்னை அளந்ததை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

"யார் கேட்டா உங்கள?" என்றேன்.

"யாரும் கேக்கலீங்க. தொங்கீட்டே இருந்தா முட்டி வலிக்குமுங்க" என்று சொல்லிவிட்டு, தன் இடத்துக்குப் போய்விட்டார். நன்றி என்று நான் சொல்லவில்லை. அப்போது எனக்கு வாய் இருந்த அளவுக்குப் புத்தி இல்லை.

முதல் வெர்ஷன் வெளியிடப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. இஞ்ச் டேப் எங்கிருந்தோ நாற்பது லிட்டர் பால் கேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்கு வந்தார். உள்ளே அரை லிட்டர் பால். மஞ்சுளா அக்கா முன்னால் வைத்தார்.

"அக்கா, இது எவ்வளவுன்னு சொல்லுங்க."

மஞ்சுளா அக்கா மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். மூடினார். "பாத்ரே கேள்தீரா, ஹால் கேள்தீரா?" என்றார். பாத்திரத்தைக் கேட்கிறீர்களா, பாலைக் கேட்கிறீர்களா என்று.

"அதானுங்க" என்று இஞ்ச் டேப் எங்கள் எல்லாரையும் திரும்பிப் பார்த்தார். "அக்கா கேட்ட இந்தக் கேள்விய நம்ம ஹொங்கே கேக்க மாட்டேங்குது. பாலு கொஞ்சமா இருந்தா பாத்தரத்தச் சொல்லுது, நெறைய இருந்தா பாலச் சொல்லுது."

"அப்டி சொன்னா நான் எஷ்டு காபி போடோது?" என்றார் மஞ்சுளா அக்கா. எவ்வளவு காபி போடுவது? வழக்கப்படி சைஸ் தோற்றுவிட்டது. மேஜையைச் சுற்றிச் சிரிப்பு.

முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைப்பதா என்று அவருக்குக் கவலை. "பேடப்பா, பேடா" என்றார், வேண்டாம் என்று. ஏற்கெனவே மூன்று வாடிக்கையாளர்கள் சைஸை நம்பி எழுதியாயிற்று, இப்போது மாற்றினால் எல்லாம் தள்ளிப்போகும். பிறகு என்னைப் பார்த்தார். "ஸ்டெல்லா, நீ எழுதினது. நீயே சொல்லு. மாத்தணுமா, இருக்கட்டுமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இஞ்ச் டேப்பும் பார்த்தார். அவர் முகத்தில் துளிகூடச் சந்தேகம் இல்லை. நான் சரியாகத்தான் சொல்வேன் என்று நம்பி நின்றுகொண்டிருந்தார். அந்த நம்பிக்கைதான் எனக்கு எரிச்சலாக இருந்ததோ என்னவோ.

"இருக்கட்டும் சார். கையேட்டுல ஒரு வரி எழுதிடலாம். அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்" என்றேன்.

இஞ்ச் டேப் கேனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாலை மஞ்சுளா அக்காவின் பாத்திரத்தில் ஊற்றினார். கேனைக் கழுவிக் கவிழ்த்தார். அப்புறம் என் மேஜைக்கு வந்தார்.

"அடுத்த வெர்ஷன்ல முடியாதுங்க ஸ்டெல்லா. ஒருத்தன் செவுத்துல சாஞ்சு உக்காந்துட்டான்னா அப்பறம் செவுத்த நகத்த முடியாது. அது தப்பான செவுருன்னாலும் அவன் சாஞ்சிருப்பான்."

இரண்டு மாதத்தில் வேலையை விட்டுவிட்டார். அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, ஊரில் இருந்துகொண்டே வேறு கம்பெனிக்கு வேலை செய்யப் போகிறேன் என்று சொன்னார். காரணம் நிஜமாகவே இருக்கலாம். எனக்கு அதை நம்புவது வசதியாக இருந்தது. கடைசி நாளன்று கேக் வாங்கினோம். அவர்தான் அளந்து வெட்டினார். வழக்கம்போல் இரண்டைக் கழித்து, மஞ்சுளா அக்காவையும் சேர்த்துப் பத்துத் துண்டு. ஒன்றை ஒன்றின் மேல் வைத்தால் ஓரம் பிசகாது. கிளம்பும்போது எல்லாரிடமும் சொன்னதையே என்னிடமும் சொன்னார்.

"வர்றனுங்க."

போகிறேன் என்று நம் ஊரில் யார்தான் சொல்கிறார்கள். எல்லாரும் வருகிறேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது எனக்கும் தெரியும். தெரிந்தும் அந்த வார்த்தையை நான்கு வருஷமாகக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் எண் என் போனில் இருந்தது. இருந்தது என்றால், வெறுமனே இருந்தது. வாட்ஸப்பில் அவர் படத்துக்குப் பதிலாக அந்த மஞ்சள் டேப் சுருண்டு கிடக்கும். வாரத்துக்கு இரண்டு தடவையாவது அதைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். மூன்று என்ற எண்ணிலிருந்து தொடங்கும். கிழிசல் கூடியிருக்கிறதா என்று பார்ப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். தோசைக் கடையில் தோசை பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது. பத்திரிகையில் ஜோக் படித்துவிட்டு நான் உடனே சிரித்துவிடுகிறேன், பத்து நிமிஷம் கழித்து ஆபீஸில் யாரும் சிரிப்பதில்லை. அந்தப் பத்தாவது நிமிஷத்தில் ஹால் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

போன வருஷம் ஹனூருக்கு முன்னால் ஒரு கிராமத்திலிருந்து புகார் வந்தது. பால் ஊற்றினால் மெஷின் சைபர் காட்டுகிறது. மற்ற ஊரில் எல்லாம் சரி, இந்த ஒரு இடத்தில்தான் புது எடை மெஷினையும் பழைய காட்டும் மெஷினையும் சேர்த்து மாட்டியிருந்தார்கள். முதலாளி என்னை அனுப்பினார்.

பஸ் பிடித்துப் போனேன். சாயங்காலப் பால் நேரம். ஒரு அம்மா தூக்கில் பால் கொண்டுவந்து ஊற்றினார். மெஷின் சைபர் என்றது. அந்த அம்மா மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, எரும கறந்தது பொய்யா? நான் நடந்து வந்தது பொய்யா? இந்தா, ஈ மொய்க்குது பாரு. அதுக்குத் தெரியுது, இதுக்குத் தெரியலியா?"

புரோகிராமைத் திறந்து பார்த்தேன். எழுதியவர் எண்ணை அனுப்பும்போது எத்தனை அறை அனுப்புவது என்று சைஸைக் கேட்டிருந்தார். புது மெஷினில் சைஸ் எட்டு என்றது, எட்டு அறை அனுப்பினார். பாலின் அளவு சின்ன எண். எட்டு அறைப் பெட்டியில் கடைசி அறைகளில்தான் உட்கார்ந்திருக்கும், முதல் நான்கும் காலி. பழைய மெஷின் நான்கு அறையைத் திறந்து பார்த்துவிட்டு, பால் இல்லை என்று சொல்லியிருக்கிறது. அந்த அம்மாவின் பால் பின்னாலிருந்த அறைகளில் பத்திரமாக இருந்தது. பாத்திரத்தைக் கேட்டோமா பாலைக் கேட்டோமா என்று என் மொழிக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஒரு இடத்துக்கு மட்டும் சரிசெய்து கொடுத்தேன். அந்த அம்மா மறுபடி ஊற்றினார். நாலே கால் லிட்டர் வந்தது. "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமல்லோ" என்று மெஷினிடம் சொல்லிவிட்டுப் போனார். எனக்குத்தான் சுட்டது.

பஸ் நிறுத்தத்தில் நின்றேன். அந்தப் பக்கம் போனால் கௌதள்ளி, இந்தப் பக்கம் போனால் மைசூர். கௌதள்ளி பஸ் வந்தது. கண்டக்டர் "பன்னி, பன்னி" என்று கூப்பிட்டார், கன்னடத்தில் வாருங்கள் என்று. ஏறவில்லை. மைசூர் பஸ் வந்தது. அதிலும் ஏறவில்லை. அடுத்த கௌதள்ளி பஸ்ஸுக்கு ஒரு காலைப் படியில் வைத்து எடுத்துவிட்டேன். போய் என்ன சொல்வது? சைஸைச் சரிசெய்யாமல் அந்த ஆள் முகத்தில் விழிக்க முடியாது. அடுத்த மைசூர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, கொள்ளேகால் வரை அழுதேன். கொள்ளேகாலில் வடை வாங்கித் தின்றேன். அப்புறம் அழவில்லை.

முதலாளியிடம் சண்டை போட இந்தத் தடவை நான் இறங்கினேன். சாய்ந்து உட்கார்ந்தவர்கள் சாய்ந்தபடியே இருக்கட்டும், பழைய சைஸ் அப்படியே வேலை செய்யும், ஆனால் பக்கத்தில் 'இடம்', 'நீளம்' என்று இரண்டு புதுக் கேள்விகள் வேண்டும் என்றேன். இங்கிலீஷ் பெயர்கள்தான், உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். யாராவது பழைய சைஸைப் பயன்படுத்தினால் திரையில் ஓர் எச்சரிக்கை வரும்: "கேட்பது பாத்திரத்தையா, பாலையா?" சுவரை நகர்த்த முடியாவிட்டால் சுவரில் எழுதியாவது வைக்கலாம் அல்லவா. எட்டு மாதம் ஆயிற்று. ஒவ்வொரு எண்ணாக, ஒவ்வொரு மெஷினாகச் சோதித்தேன். கால் பலகையின் மேலேயே இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மஞ்சுளா அக்காவிடம் விளக்கினேன். ரசக் கரண்டியோடு கேட்டுக்கொண்டிருந்தவர், "இதை ஆ டேப்பு அந்நாள்லயே சொன்னாரல்லா" என்றார். அந்த டேப் அன்றைக்கே சொன்னார் இல்லையா என்று. "ஆமா அக்கா" என்றேன். "மத்தே யாக்கே இஷ்டு வருஷம்?" என்றார். பின்னே ஏன் இத்தனை வருஷம்? சாதம் போடுங்கள் என்றேன்.

வெர்ஷன் வெளியான அன்று, திரையைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். ஒன்று. இடம் எட்டு. நீளம் ஒன்று. வேறு ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நான்கு வருஷத்துக்குப் பிறகு அனுப்புகிற முதல் செய்தியில் என்ன எழுதுவது?

பத்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது. சரியாகப் பத்து நிமிஷம்.

"சைபருக்கு என்னங்க சொல்லுது?"

நலமா என்று கேட்கவில்லை, எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. அவரேதான். எனக்குப் பதில் தெரியும். சைபருக்கு நீளம் சைபர், எழுத ஒன்றும் இல்லை. ஆனால் இடம் எட்டுதான். உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டாலும், பெட்டி தன் முழு இடத்தையும் வைத்துக்கொண்டு இருக்கும். அதை டைப் செய்துவிட்டுத் தலையைத் தூக்கினேன். எதிரே அவர் மேஜை. நான்கு வருஷமாக அதில் யாரையும் உட்காரவிடாமல் ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டிருந்தது நான்தான். டைப் செய்ததை அழித்துவிட்டு, "நேர்ல வந்து கேட்டுப் பாருங்க. உங்க மேஜை காலியாத்தான் இருக்கு" என்று அனுப்பினேன்.

இந்தத் தடவை உடனே பதில் வந்தது.

"மேஜ எத்தன இஞ்சுங்க?"

என்னிடம் இப்போது ஒரு டேப் இருக்கிறது. புதுசு, ஒன்றிலிருந்து தொடங்குவது. ஒரு நிமிஷத்தில் அளந்து சொல்லிவிடலாம். மூன்று வாரம் ஆகிறது, நான் அளக்கவில்லை. அது அவர் டேப்பால் அளக்க வேண்டிய மேஜை.